நான் ஏற்றாத வண்டி

ஆகஸ்ட் 19

காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருக்கிறாள். தினமும் என்ன செய்தேன், எங்கே வலித்தது என்று எழுதி வைக்கச் சொன்னாள். நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. ஜெசிந்தா அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

காலைத் தூக்கினேன். இறக்கினேன். இடது தொடையில் வலி. இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

சரி, நேரம் போகவேண்டுமே. என் பெயர் கிளாட்வின். முனைத்துறை கடற்கரையில் ஏ.டி.வி. ஓட்டுகிறேன். மணலில் ஓடுகிற நாலுசக்கர பைக். வருகிறவர்கள் 'பீச் பைக்' என்பார்கள். ஆளைப் பின்னால் உட்கார வைத்து மாதா சிலை இருக்கிற கெபி வரைக்கும் ஒரு சுற்று. இதற்கு நம்பர் பிளேட் கிடையாது, தார் ரோட்டில் ஓட்டக்கூடாது. இருட்டிய பிறகு கடற்கரையில் நிறுத்தவும் அனுமதி இல்லை. ஆகவே தினமும் மதியம் வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்துகிற செட்டிலிருந்து பிக்கப்பில் ஏற்றிக் கடற்கரையில் இறக்கவேண்டும், பொழுது சாய்ந்ததும் மறுபடியும் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். இரண்டு இரும்புப் பலகையைப் பிக்கப்பின் பின்பக்கத்தில் சாய்த்து, ஒரே அழுத்து. மூன்று வருடமாக அப்படித்தான்.

போன மாதக் கடைசியில் ஒருநாள் பாதி ஏறும்போது பலகை கழன்றது. வண்டி மல்லாந்து என்மேல் விழுந்தது. தொடை எலும்புக்குள் இப்போது கம்பி இருக்கிறது.

நாளையிலிருந்து தான் ஓட்டப்போவதாக ஜெசிந்தா சொல்கிறாள். அவளுக்கு மணலில் ஓட்டத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஏற்றத் தெரியாது.

ஆகஸ்ட் 20

ஏற்றத் தெரியவில்லை.

எங்கள் வீடு மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் மாடி. கட்டிலில் சாய்ந்தால் ஜன்னலில் கடற்கரை முழுவதும் தெரியும். மதியம் கீழே செட்டில் எப்படி ஏற்றினார்களோ, பார்க்க முடியவில்லை. சாயங்காலம் பார்த்தேன். பலகைக்கு நேரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கினாள். பலகையைச் சுற்றி வந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பிக்கப் ஓட்டுகிற அவள் தம்பி டென்சில் கையைக் கையை ஆட்டினான். கடைசியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலு பேரைக் கூப்பிட்டு, கயிறு கட்டி இழுத்து ஏற்றினார்கள். ஊரே பார்த்தது.

ஆகஸ்ட் 21

இன்றும் கயிறு.

சாப்பிடும்போது என் கட்டிலருகே தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எப்படி ஏத்துவிய? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"என்னத்த ஒவ்வொண்ணா? நேரா வச்சு ஒரே அழுத்து. யோசிச்சா ஏறாது."

"வேகமாவா?"

"பின்னே? பாதியில நின்னா அம்புட்டுதான்."

"பலகைய எதுல கட்டுவிய?"

"எதுக்கு கட்டணும்? கொக்கி இருக்குல்லா, பின்கதவுல மாட்டிக்கிடும்."

அவள் கொஞ்ச நேரம் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை இழுத்தாள். வண்டி வாங்கினபோது பலகையோடு கொடுத்த பெல்ட்டுகள். கவர் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"இது எதுக்குன்னு கேட்டியளா கடைக்காரங்ககிட்ட?" என்றாள்.

பல்லால் கவரைக் கடித்துக் கிழித்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தொடை வலி அதிகம். பயிற்சி செய்யவில்லை.

ஆகஸ்ட் 24

இன்று ஏற்றிவிட்டாள். பார்த்ததை எழுதுகிறேன்.

கடற்கரை வழி முடிகிற இடத்தில், காற்று சேர்த்த மணல்மேடு ஒன்று இடுப்பளவு இருக்கிறது. டென்சிலை அங்கே பிக்கப்பை ரிவர்சில் கொண்டுபோகச் சொன்னாள். பின்கதவு மேட்டைப் பார்த்து நின்றது. மேட்டில் பலகையைப் போட்டால் சரிவே இல்லை, கிட்டத்தட்டப் பாலம் மாதிரி. மூன்று வருடம் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போனவன் நான்.

பிறகு இரண்டு பலகையையும் வண்டிச் சக்கரத்துக்கு நேரே வைத்தாள். பெல்ட்டைப் பலகைக்குள் விட்டுப் பிக்கப்பின் அடிச்சட்டத்தோடு இழுத்துக் கட்டினாள். கட்டியபின் பலகையில் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். குதிக்கிறாள்! சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுக் கடற்கரையில். உள்ளே சுடிதார் பேன்ட் போட்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிக்கப் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். டென்சில் பின்னால் நின்று தள்ளத் தயாராக இருந்தான். அவனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள், ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"லேய், பின்னால நிக்காத! அங்கிட்டுப் போ! வண்டி வந்தா உன்மேலதான் வரும்!"

டென்சில் ஓடிப்போய்ப் பக்கவாட்டில் நின்றான்.

லோ கியரில் போட்டு, உடம்பை ஹேண்டில் மேல் சாய்த்து, நத்தை மாதிரி ஊர்ந்து ஏறினாள். நிற்கவும் இல்லை, பாயவும் இல்லை. உள்ளே போனதும் பிரேக்கைப் பூட்டிவிட்டு நாலு மூலையையும் கட்டினாள். மதியம் செட்டில் மேடு கிடையாது, அங்கேயும் இதே பெல்ட்டைக் கட்டித்தான் ஏற்றினாளாம்.

எல்லாம் முடிய எவ்வளவு நேரம்! அதற்குள் நான் ஏற்றி, வீட்டுக்கு வந்து, குளித்தே முடித்திருப்பேன்.

படியேறி வந்தவளிடம், "ரொம்ப மெதுவா இருக்கு" என்றேன்.

"ஆமா" என்றாள். தண்ணீர் குடித்தாள். முகமெல்லாம் மணல். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 30

காலைத் தூக்கினேன், இறக்கினேன். காற்று அதிகம். இன்று கூட்டம் இல்லை.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். கடற்கரையில் கொள்ளைக் கூட்டம். ஜெசிந்தா காலைப் பூசைக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்குப் போனாள். திருநெல்வேலி ஹாஸ்டலிலிருந்து மகள் போன் செய்தாள். அம்மா பீச் பைக் ஓட்டுகிற வீடியோவை யாரோ அனுப்பினார்களாம், வகுப்பில் எல்லோருக்கும் காட்டினாளாம். நான் ஓட்டினபோது எந்த வீடியோவையும் காட்டியதாக ஞாபகம் இல்லை.

ஒன்று எழுதிவைக்க வேண்டும். கடைசி ஆளை இறக்கிவிட்ட பிறகும் ஜெசிந்தா நேராகப் பிக்கப்புக்கு வருவதில்லை. தனியாக ஒரு சுற்றுப் போகிறாள். அலை தொட்டுப் போகிற ஈர மணலில், கெபியையும் தாண்டி, பாறை வரைக்கும். பின்னால் யாரும் இல்லை. வேகமாகப் போகிறாள். மேட்டில் அத்தனை மெதுவாக ஏற்றுகிறவள் அங்கே எப்படி அப்படிப் பறக்கிறாளோ.

பெட்ரோல் வீண். சொல்லவேண்டும்.

செப்டம்பர் 9

பெட்ரோல் விஷயம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

செப்டம்பர் 17

ஊன்றுகோல் கொடுத்துவிட்டார்கள். ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழவேண்டும்போல் இருக்கிறது, எழுந்தால் உட்காரவேண்டும்போல் இருக்கிறது.

மின்விசிறி சரியில்லை. சாயங்காலம் மேட்டில் வண்டி ஏறுகிற சத்தம் கேட்கும் நேரத்தில் பார்த்து உள்ளங்கை இரண்டும் வியர்த்துப் போகிறது. நேற்றும் அப்படித்தான். எலெக்ட்ரீசியனை வரச் சொன்னேன்.

செப்டம்பர் 18

மின்விசிறி நன்றாகத்தான் இருக்கிறதாம். கன்டென்சர் மாற்றச் சொன்னேன். மாற்றினான். இன்றும் வியர்த்தது. புழுக்கம்.

அக்டோபர் 6

டாக்டரைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போய்வந்தேன். டென்சில் பிக்கப்பில் கூட்டிப்போனான். வெளியே வண்டியிலேயே இருந்தான். ஜெசிந்தா மாத்திரை வாங்கப் போயிருந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, கோலை விட்டுவிட்டு நடங்கள், இந்த மாதக் கடைசியில் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றார். டாக்டர்கள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொல்வார்கள். என் கால் எனக்குத் தெரியும்.

திரும்பும்போது ஜெசிந்தா கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னும் நாளாகுமாம்."

"எத்தன நாளு?"

"தெரியாதாம். கம்பி இருக்குல்லா. சரியாவும்னு உறுதியா சொல்ல முடியாதுன்னாரு."

டென்சில் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கென்ன அத்தான், அக்கா பாத்துக்கிடுதால்லா" என்றான். ஜெசிந்தா அவன் தோளில் தட்டி, ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

அக்டோபர் 20

ஜெசிந்தா ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கச் செட்டுக்கு இறங்கினேன். காற்று இருந்தது.

அப்படியே மேலே ஏறி உட்கார்ந்தேன். கால் வலிக்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தேன். ஜெசிந்தா அதில் சைக்கிள் கடையில் வாங்கின துணிப்பட்டையைச் சுற்றியிருக்கிறாள். அதைத் தவிர எல்லாம் அதேபோல்தான் இருந்தது. சுவரில் பலகை சாய்ந்திருந்தது.

ஸ்டார்ட் செய்யவில்லை. சாவியை எடுத்துவர மறந்துவிட்டேன்.

இப்போது சட்டையை மாற்றும்போது பார்க்கிறேன், சாவி பையில்தான் இருந்திருக்கிறது.

அக்டோபர் 28

மழை. கடற்கரை மூன்று நாளாகக் காலி.

மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சொன்ன பயிற்சியில் இது இல்லை. கீழ்வீட்டுக்காரர், "என்ன கிளாட்வின், ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

நவம்பர் 4

முட்டத்திலிருந்து ததேயுஸ் என்று ஒருவர் போனில் பேசினார். நான்தான் முதலில் பேசினேன் என்றும் சொல்லலாம். அவர் அங்கே கடற்கரையில் இரண்டு வண்டி ஓட்டுகிறார், மூன்றாவது தேடுகிறார். வண்டி விலைக்கு வருமா என்றார். வரும் என்றேன்.

ஜெசிந்தா கீழே முற்றத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மழைத் தூறல் விட்டிருந்தது.

"வண்டிய குடுத்துரலாம்னு பாக்கேன்" என்றேன்.

கத்தி நின்றது.

"யாருக்கு?"

"முட்டத்துல ஒருத்தரு. என் காலு இனிமே இதுக்கு ஆவாது. டாக்டரே சொல்லிட்டாரு. பெறகு வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"நான் ஓட்டுதேன்லா."

"எத்தன நாளைக்கு? பொம்பள ஓட்டுதாள்னு ஆளுக ஒருமாதிரி பேசுதாங்க."

அப்படி யாரும் பேசவில்லை. நான்தான் சொன்னேன். சொன்ன பிறகு அது யாரோ பேசின மாதிரிதான் இருந்தது.

"யாரு பேசுனா?"

"பேசுதாங்க."

அவள் சாளையின் தலையைக் கிள்ளி எறிந்தாள். பூனை ஓடிவந்தது. அதற்கும் ஒன்றைப் போட்டாள்.

"உங்க வண்டி. உங்க இஷ்டம்" என்றாள். அதன் பிறகு எல்லா மீனையும் ஆய்ந்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

நவம்பர் 5

சாளைக் குழம்பில் உப்பு அதிகம். முழுவதையும் சாப்பிட்டேன். அவளும்.

நவம்பர் 23

வெயில் அடித்தது. ஜெசிந்தா வண்டியைக் கழுவினாள். சங்கிலிக்குக் கிரீஸ் வைத்தாள். உப்புக்காற்றில் துருப்பிடித்த நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினாள். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு? கேட்டேன். "விக்கிற வரைக்கும் நம்ம வண்டிதான?" என்றாள்.

டிசம்பர் 5

இன்று கடற்கரைக்குப் போனேன். எத்தனை நாள்தான் ஜன்னலில் நிற்பது? கோல் இல்லாமல் போனேன். ஐஸ் கம்பெனிச் சுவரோரம் நின்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் தெரியாது.

கடைசி ஆள் இறங்கிப்போனதும் அவள் புறப்பட்டாள். ஈர மணலில் வரும்போது வண்டியில் எழுந்து நின்றிருந்தாள். முழங்காலை லேசாக மடித்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து. ஏதோ சொல்லிக்கொண்டு போனாள், பாட்டா கத்தலா தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருடம். இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஞாபகம் இருக்கும்.

அவள் மேட்டுக்குத் திரும்புவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டி ஏறும் சத்தம் கேட்டபோது குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டிசம்பர் 9

ததேயுஸ் முன்பணம் அனுப்பிவிட்டார். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு முன்னால் வேண்டுமாம். பதினெட்டாம் தேதி வந்து எடுத்துக்கொள்வார். ஜெசிந்தாவிடம் சொன்னேன். காலண்டரைப் பார்த்தாள். "வியாழக்கிழமை" என்றாள்.

வேலை முடிந்த மாதிரி இருக்கவேண்டும். இல்லை. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

டிசம்பர் 18

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ததேயுஸ் வந்தார். பெரிய மனிதர், வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. அவருடைய பிக்கப்பில் ஒரு டிரைவரும் இரண்டு மரப்பலகையும். வண்டியைச் சுற்றிப் பார்த்து, "பொன்னு மாதிரில்லா வச்சிருக்கீங்க" என்றார். ஜெசிந்தா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். டென்சில் செட்டைத் திறந்துவிட்டான். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

டிரைவர் மரப்பலகையைப் பின்கதவில் சாய்த்தான். தெரு மட்டமானது, அங்கே மேடு எதுவும் கிடையாது. பலகை செங்குத்தாக நின்றது.

ஜெசிந்தா இறங்கி வந்தாள். "அண்ணாச்சி, இந்தப் பலகை வேண்டாம். குட்டையா இருக்கு. எங்க இரும்புப் பலகைய எடுத்துக்கிடுங்க, பெல்ட்டும் இருக்கு. வண்டியத் தள்ளிக்கிட்டு கடற்கரைப் பக்கம் மேட்டுக்குப் போயிருவோம், அங்க லேசா ஏறும்."

"அதெல்லாம் வேண்டாம் மக்ளே. நாங்க எத்தனையோ ஏத்தியாச்சு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "கிளாட்வின் அண்ணன் இருக்கும்போ நமக்கென்ன? பழகின கை. ஒரு அழுத்து. என்ன அண்ணே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுக்கத் தோன்றவில்லை. ஜெசிந்தா எங்கள் இரும்புப் பலகையைக் கொண்டுவந்து, மரத்தை எடுத்துவிட்டு அதை வைத்தாள். பெல்ட்டை இழுத்துக் கட்டினாள். ததேயுஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன்.

முன்னால் இரண்டு பலகை. அதற்கு மேலே பிக்கப்பின் உள்தளம். அதற்கு மேலே வானம்.

அன்றைக்கு மல்லாந்து விழுந்தபோது முதலில் வானத்தைத்தான் பார்த்தேன். வண்டி வருவதற்கு முன்னால் ஒரு கணம் வெறும் வானம். ரொம்ப அமைதியாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, இதிலும் இதுவரை எழுதவில்லை.

கைப் பெருவிரல் ஆக்சிலேட்டர் விசையின்மேல்தான் இருந்தது. விரலை அழுத்தச் சொன்னேன். அழுத்தவில்லை. என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. ஹேண்டில் துணி ஈரமாகிவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ததேயுஸின் டிரைவர், நான் தயங்குகிறேன் என்று நினைத்துப் பின்னால் வந்து தள்ளக் கை வைத்தான்.

"பின்னால நிக்காதிய!" ஜெசிந்தாவின் சத்தம்.

நான் எஞ்சினை அணைத்தேன்.

ததேயுஸ் அருகில் வந்து குனிந்தார். "என்ன அண்ணே, காலு வலிக்குதோ?"

நல்ல மனிதர். எனக்கு வேண்டிய பதிலை அவரே கேள்வியாக்கிக் கொடுத்தார். ஆமாம் என்றால் போதும். அவருடைய ஆள் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவளும் அதையேதான் கேட்கிற மாதிரி நின்றாள்.

"இல்ல" என்றேன். "காலுக்கு ஒண்ணுமில்ல. பயமா இருக்கு."

டென்சில் சிரித்துவிட்டான், நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து. பிறகு நிறுத்திக்கொண்டான்.

"இந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வேர்க்குது" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. "என்னால ஏத்த முடியாது."

இறங்கினேன். காலில் வலி இல்லை. ததேயுஸ் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "அதுக்கென்ன, விழுந்தவனுக்குத் தானே தெரியும். நம்ம பயல் ஏத்துவான்" என்று டிரைவருக்குக் கண் காட்டினார்.

ஜெசிந்தா குறுக்கே வந்து வண்டியிலிருந்து சாவியை உருவினாள்.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி." என் பக்கம் திரும்பினாள். "டாக்டர் நெசமா என்ன சொன்னாரு?"

"ஓட்டலாம்னுதான் சொன்னாரு."

"எப்ப?"

"அக்டோபர்ல."

அவள் முகம் சிவந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன்.

"காலு ஆவாதுன்னுதான வண்டிய விக்கணும்னு சொன்னிய?"

"ம்."

"ஆளுக பேசுதாங்கன்னு சொன்னியளே, அதுவும்…"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பயம் உங்களுக்குத்தான? எனக்கு இல்லையே!" சாவியை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "பெறகு வண்டி எதுக்குப் போவணும்? நாலு மாசமா நான் ஏத்தி எறக்குனது உங்க கண்ணுல படவே இல்லையா?"

தினமும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

ததேயுஸுக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். விடிவதற்கு முன் கிளம்பி வந்தவர். பேச்சு மாறினால் எப்படி என்று கேட்டார். அவருக்கு நான்தான் பதில் சொன்னேன். "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. வண்டி குடுக்கிறதுக்கில்ல." முன்பணத்தை அங்கேயே போனில் திருப்பி அனுப்பினேன். ஜெசிந்தா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை. டிரைவர் குடித்தான்.

மரப்பலகையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஜெசிந்தா தெருவிலேயே முழங்காலிட்டுப் பெல்ட்டைச் சுருட்டினாள். நான் உதவப் போனேன்.

"தொடாதிய" என்றாள்.

டிசம்பர் 19

பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

டிசம்பர் 20

கீழ்வீட்டுக்காரர் முதல் ஏலக்கூடத்து ஆட்கள் வரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "பயமாமே கிளாட்வின்?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். அவனுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

சாயங்காலம் ஜெசிந்தா பேசினாள். பேச்சு என்றால் ஒரே கேள்வி. அதுவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"எங்கிட்ட சொல்லுறதுக்கு என்ன?"

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன் என்றேன். "சிரிச்சிருப்பேன்" என்றாள். "பெறகு சரியாயிருப்பேன்லா?"

டிசம்பர் 21

ஞாயிறு. கிறிஸ்துமஸ் கூட்டம் இன்றே தொடங்கிவிட்டது. டென்சில் மதியம் எங்களைக் கடற்கரையில் இறக்கிவிட்டு, பிக்கப்பை அங்கேயே விட்டுவிட்டு, கடலுக்குப் போகிற சித்தப்பாவோடு போய்விட்டான். நாள் முழுக்க நான் சீட்டுக் கொடுத்தேன். அவள் ஓட்டினாள்.

பொழுது சாய்ந்ததும், "பிக்கப்ப மேட்டுக்குக் கொண்டுவருவியளா?" என்று கேட்டாள்.

"கொண்டுவாறேன்."

ரிவர்சில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒருமுறை கோணலாகிவிட்டது. முன்னே எடுத்து மறுபடி வரச் சொன்னாள். வந்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். எஞ்சினை அணைத்து கியரில் போட்டேன். அவள் கட்டை வைத்தாள், பலகை போட்டாள், பெல்ட்டைக் கட்டினாள். இறங்கி உதவட்டுமா என்று கேட்க நினைத்தேன். அவள் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"சீட்டுலயே இருங்க. பிரேக்குல காலு இருக்கட்டும். கண்ணாடியில பாக்கவேண்டாம்."

"சரி."

"பயமா இருந்தா கண்ண மூடிக்கிடுங்க."

"கண்ண மூடுனா இன்னும் மோசம்."

"அப்ப கோயிலப் பாத்துக்கிட்டு இருங்க."

கோபுரத்தில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏணியில், ஒருவன் கீழே வயரைப் பிடித்துக்கொண்டு. பின்னால் எஞ்சின் சத்தம் வந்தது. எனக்கு வியர்த்தது. முதுகு, கழுத்து, எல்லாம். பிரேக்கை அழுத்தின காலை எடுக்கவில்லை. சத்தம் நெருங்கியது. பலகை கிறீச்சிட்டது. திடீரென்று பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, என் இருக்கை லேசாக மேலே எழும்பியது. அவ்வளவுதான். எஞ்சின் நின்றது. பெல்ட்டை இறுக்குகிற கிரிக், கிரிக் என்ற சத்தம் நாலு மூலையிலிருந்தும் வந்தது. கோபுரத்தில் ஒரு பல்பு எரிந்து அணைந்தது.

பலகையையும் கட்டைகளையும் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, அவள் வந்து பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். உப்பும் பெட்ரோலும் கலந்த வாசனை.

"போலாம்."

ஸ்டார்ட் செய்து ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். முதல் கியரில் மணலைத் தாண்டினேன். வலை உலர்த்துகிற இடத்தைத் தாண்டினேன். தார் ரோடு ஏறினேன். ஏலக்கூடத்துத் திருப்பத்தில் ஒரு கிழவர் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனார்.

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் கட்டுன கட்டு அவுழாது. ரெண்டாவது கியர் போடுங்க" என்றாள்.

போட்டேன்.